கடைமடைக்காரன் சொல்லுதேன், கேளு

ஏலே பேராண்டி, கழுத்துல நாடாவைக் கட்டி அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டு எங்க போயிட்டு வார? ஏற்றத்தாழ்வு ஒழிப்புக் கருத்தரங்கா? நல்லது. அப்பம் நாளையில இருந்து நாட்டுல ஏழையும் கிடையாது, பணக்காரனும் கிடையாதுன்னு சொல்லு.

மூஞ்சியத் தூக்காத. பாளையங்கோட்டைக்காரன் கருத்தரங்கு நடத்தாம வேற எவன் நடத்துவான்? தெருவுக்கு நாலு பள்ளிக்கூடம். கண்ணு தெரியாத பிள்ளேளுக்கு 1890-லயே இங்க பள்ளிக்கூடம் வந்துட்டு. 1895-ல சாராள் தக்கர்ல பொம்பளப் பிள்ளேளு காலேஜுக்குப் போச்சுது. தென்னாட்டு ஆக்ஸ்போர்டுன்னு பேரெடுத்த ஊரு. படிச்சவன் பேசத்தான் செய்வான். நான் கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். மத்தியானம் சோறு எங்கன போட்டாவ?

மேடையில பேசினவியளுக்கு ஏசி ரூமுல மேசை. கேட்டவியளுக்கு வாசல்ல பொட்டலம். நாக்காலி தூக்கிப் போட்ட பயலுக்கு? அவன் சாப்பிட்டானான்னு எவனாச்சும் கேட்டியளா? பாத்தியா, தலையச் சொறியுத. சமத்துவம்னு பேனர் கட்டின பந்தலுக்குள்ளயே மூணு பந்தி. அதுல வேற வாசல்ல நின்னு செல்பி.

பேசினது என்னன்னு கேட்டா, போன்ல ஒரு படத்தக் காட்டுத. நூத்துல ஒருத்தன் கையில நாட்டுச் சொத்துல 40 பங்கு கிடக்காம். பாரீசுல உக்காந்து கணக்குப் போடுத ஆய்வகத்துக்காரவிய 2022-23 கணக்க வச்சி எழுதினதாம். சரியாத்தான் இருக்கும். படிச்ச ஆளுவ. ஆனா லேய், அந்த ஒருத்தன எனக்குத் தெரியாது. நீயும் பாத்ததில்ல. பாக்காதவனத் திட்டுதது சுகமான சோலி. கையும் நோகாது, காலும் நோகாது. நாம தெரிஞ்சவனப் பத்திப் பேசுவோமா?

டை கட்டின ஒருத்தரு சொன்னாராம்லா, மேல இருக்கவன் நல்லா வளந்தா கீழ இருக்கவனுக்குத் தானா வழிஞ்சு வரும்னு. அவர ஒரு நாள் கூட்டிக்கிட்டு வா. செருப்பக் கழட்டச் சொல்லு. பாளையங்கால்வாய்க் கரையோட நடப்போம்.

தாமிரபரணியில அணைக்கட்டு எட்டு. ஏழு பழைய காலத்துது. எட்டாவது ஸ்ரீவைகுண்டம், அது வெள்ளைக்காரன் கட்டினது. நம்ம கால்வாய் பழவூர் அணையில பிரியுது. பாபநாசம் அணை 143 அடியும் நிறைஞ்சு கிடக்கட்டும். கார் சாகுபடிக்கோ பிசானத்துக்கோ தண்ணியத் தொறந்து விடட்டும். தலைமடைக்காரன் தன் வயலு நெறஞ்சதும், "போதும்ப்பா, இனி கீழ போகட்டும்"னு மடைய அடைச்சத நீ பாத்திருக்கியா? எனக்கு எம்பது வயசாவுது. நான் பாக்கல. அவன் ரெண்டாந் தரமும் பாய்ச்சுவான். நெல்லுப் போதாதுன்னு வாழை வைப்பான். தண்ணி நின்னாத்தான் களை வராதுன்னு வியாக்யானம் சொல்லுவான். கடைமடையில நாத்து மஞ்சப் பூத்து நிக்கும்.

அவன் கெட்டவன் இல்ல, கேட்டியா. கோயில் கொடைக்கு முதல் வரி அவந்தான் குடுப்பான். கடைமடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆயிரத்தொண்ணு மொய் எழுதுவான். சாவுக்கு வந்து மொத ஆளா நிப்பான். தண்ணிய மட்டும் விட மாட்டான். நான் தலைமடையில பொறந்திருந்தா நானும் விட்டிருக்க மாட்டேன். அதனாலதான் எங்க பாட்டன்மாரு அவன் மனசு மாறட்டும்னு வரப்புல குத்த வச்சிக் காத்துக் கிடக்கல. முறை வச்சாவ. இத்தன நாழி இவனுக்கு, பொறவு அவனுக்கு. மடையத் தொறக்கவும் அடைக்கவும் பொதுவா ஒரு ஆளு. அவனுக்குக் கூலி எல்லாக் களத்துல இருந்தும் நெல்லு. அப்பந்தான் அவன் ஒருத்தனுக்கு மட்டும் பணிஞ்சு போக மாட்டான். முறை மீறினவனுக்குத் தெண்டம். அப்படியும் நம்பாம ராத்திரி மடையடியில ரெண்டு பேரு காவல்.

நல்ல மனசு வேணும்னு பேசினவன் எவனும் கடைமடைக்குத் தண்ணி கொண்டாந்ததில்ல. முறையும் காவலுந்தான் கொண்டாந்துது.

ஆனா பழைய காலமெல்லாம் பொன்னான காலம்னு நான் சொல்லுவேன்னு பாக்காத. அந்த முறையெல்லாம் வயலு வச்சிருந்தவனுக்கு. கால்வாய்க்குள்ள இறங்கி இடுப்பளவு சேத்த வெட்டிப் போட்டவனுக்கு ஒரு செண்டு கிடையாது. அவனுக்கு எந்த மடையில முறை? அதக் கேக்க அன்னைக்கு ஆளு இல்ல. கேட்டவனுக்கு அடி.

இப்பம் புதுத் தலைமடைக்காரவிய வந்திருக்காவ. கங்கைகொண்டான் சிப்காட்டுல இருக்க குளிர்பானக் கம்பெனிக்கு நம்ம ஆத்துத் தண்ணி ஆயிரம் லிட்டர் 37 ரூவா 50 காசுக்குப் போச்சுது. லிட்டருக்கு நாலு காசு கூட வரல. பஸ் ஸ்டாண்டுக் கடையில ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் 20 ரூவாக்கு வித்துது. (அந்தப் பஸ் ஸ்டாண்டையே வேய்ந்தான்குளத்துக்குள்ளதான் கட்டியிருக்கோம். அதப் பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும்.) பாட்டில் செலவு, லாரி வாடகை, கடைக்காரன் கமிஷன் எல்லாத்தையும் கழி. கழிச்சுட்டு மிச்சத்த நீயே சொல்லு. 2016 நவம்பர்ல ஐகோர்ட்டு மதுரைக் கிளை அந்தத் தண்ணிய நிறுத்தி வச்சுது. 2017 மார்ச்சுல தடைய எடுத்துட்டு. உபரித் தண்ணியத்தான் குடுக்கோம்னு அரசாங்கம் சொல்லிச்சு. உபரியாம்! கடைமடையில நிக்கவன் அந்தப் பொருளக் கண்ணால பாத்திருப்பானா?

சரி, தண்ணிய விடு. சோத்துக்கு வாரேன். சேரன்மகாதேவிக்குப் போயிருக்கியா? பஸ்ஸுல போகும்போது போனப் பாத்துக்கிட்டே தாண்டியிருப்ப. ஏற்றத்தாழ்வப் பத்திப் படிக்கணும்னா நீ பாரீசு வரைக்கும் போக வேண்டாம். அங்கன இறங்கு.

1920-கள்ல அங்க வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் நடத்தினாரு. லண்டனுக்குப் போயிச் சட்டம் படிச்சவரு. வெள்ளைக்காரன் போலீசுக்குத் தண்ணி காட்டித் தப்பிச்சு வந்தவரு. திருக்குறள இங்கிலீசுல எழுதினவரு. லேசுப்பட்ட ஆளு இல்ல. எல்லாச் சாதிப் பயலுவளும் ஒண்ணாப் படிக்கணும், நாட்டத் தூக்கி நிறுத்தணும்னு ஏற்பாடு. காங்கிரஸ் கட்சியும் பணம் குடுத்துது. ஆனா சாப்பாட்டு மணி அடிச்சா பிராமணப் பயலுவ ரெண்டு பேருக்குத் தனிப் பந்தி. பெத்தவிய அப்படிக் கேட்டாவளாம், இவரும் சரின்னுட்டாரு. எண்ணி ரெண்டே பேரு! அந்த ரெண்டு இலைக்காக மாகாணமே ரெண்டுபட்டுது. வரதராஜுலு நாயுடு பத்திரிகையில போட்டுக் கிழிச்சாரு. பெரியாரு விட மாட்டேன்னுட்டாரு. 1925-ல அவரு காங்கிரஸ விட்டுக் கிளம்பினதுக்குப் பின்னால இந்தப் பந்தி விவகாரமும் கிடக்கு. ஐயர் பொறுப்ப விட்டு விலகினாரு. அதே 1925 ஜூன்ல பாபநாசம் கல்யாண தீர்த்தத்துல மகளக் காப்பாத்தப் போயி, அவரும் தண்ணியோட போயிட்டாரு.

அவரக் குறை சொல்லவா இதச் சொல்லுதேன்? உயிரத் துச்சமா நினைச்ச மனுசன். அப்பேர்ப்பட்டவர் நடத்தின எடத்துலயே பந்திய ஒழுங்கு பண்ண முடியல. நீ பேனர் கட்டுன பந்தல்ல முடியலன்னா நான் ஆச்சரியப்படுவேனா?

முப்பது வருசம் போச்சு. அதே சேரன்மகாதேவிப் பக்கம், காமராசர் கார்ல போறாரு. ரயில்வே கேட்டு அடைச்சிருக்கு. ஆடு மேச்சுக்கிட்டு ஒரு பயல் நிக்கான். "ஏன்லே பள்ளிக்கூடம் போகல?"ன்னு கேக்காரு. "போனா சோறு நீ போடுவியா?"ன்னு அவன் திருப்பிக் கேக்கான். நம்ம ஊர்ல இந்தக் கதையச் சொல்லாத வாத்தியார் கிடையாது. ஆளாளுக்கு ஒரு விதமாச் சொல்லுவாவ. ஒருத்தர் சொன்னா ஆடு, இன்னொருத்தர் சொன்னா மாடு. அது கிடக்கட்டும். 1956-ல எட்டயபுரத்துல மதியச் சோத்துத் திட்டம் ஆரம்பிச்சது கதை இல்ல. எட்டயபுரம் அன்னைக்கு நம்ம திருநெல்வேலி ஜில்லாதான். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராப் போயிக் கேட்டாரு. ஊருக்காரவியளும் அரிசி பருப்புன்னு கையில இருந்ததக் குடுத்தாவ. 1982-ல எம்ஜியார் அதப் பெருசாக்கினாரு. 2022-ல காலைச் சாப்பாடும் வந்துட்டு.

இதுல சூட்சுமம் எங்க இருக்குன்னு பாத்தியா? எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில தட்ட வச்சிக்கிட்டு உக்காருது. தானம் குடுக்கோம்னு எவனும் மேல நின்னு போட்டோ எடுக்கல. இன்ன தெருப் பிள்ளைக்கு இன்ன மூலைன்னு சட்டத்துல எடமில்ல. சட்டத்துல இல்லன்னதும் ஊருல இல்லன்னு ஆயிருமா? சமைக்கவ எந்தத் தெருக்காரின்னு விசாரிச்சிப் பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுக்கவன் இன்னைக்கும் இருக்கான். மணிக்கட்டுல சாதிக்கொரு கலர்ல கயிறு கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போற பயலுவள நீயே பாத்திருப்ப. 2023-ல நாங்குநேரியில வீடு புகுந்து படிக்கிற பிள்ளைய வெட்டினதும் படிக்கிற பிள்ளேளுதான். அதுக்குப் பொறவு அரசாங்கம் நீதிபதி சந்துரு குழுவ அமைச்சுது, கயிறு வேண்டாம்னு அவரு 2024-ல எழுதிக் குடுத்தாரு. எழுதிக் குடுத்தது சரி. முறை வச்சாச்சு. மடையடியில காவலுக்கு எவன் நிக்கான்?

ரேஷன் கடையும் அதே சங்கதிதான். 1997-ல டெல்லிக்காரன் ஏழைக்கு மட்டும் ரேஷன்னு பிரிச்சான். தமிழ்நாடு பிரிக்க மாட்டேன்னுட்டுது. கார் வச்சிருக்கவனுக்கும் எதுக்கு அரிசின்னு உன் டை கட்டின ஆளு கேப்பாரு. நியாயமான கேள்வி மாதிரி தெரியும். லேய், ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவும் அதே வரிசையில நின்னாத்தான் அரிசியில வண்டு கிடந்தாச் சத்தம் வரும். இல்லாதவன் மட்டும் நிக்க வரிசையில வண்டும் சேந்து நிக்கும். கலெக்டர் மகன் படிக்க பள்ளிக்கூடத்துல கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லாம இருக்குமா? மந்திரி ஐகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில படுத்தா பெட்டுக்கு விரிப்பு வராமப் போயிருமா? வசதிக்காரன் பந்திய விட்டு எந்திரிச்சுப் போனான்னா, சாம்பார்ல தண்ணி ஊத்த ஆரம்பிச்சிருவாவ.

இதச் சொன்னா "தாத்தா, இலவசம் குடுத்து நாட்டக் கெடுக்காவ"ன்னு சொல்லுத. ஆத்தாடி! எங்க படிச்ச அத? சரி, உனக்கு ஒரு இலவசக் கணக்குச் சொல்லுதேன். பெரிய பணக்காரன் செத்தா அவன் சொத்துக்கு வரின்னு 1953-ல ஒண்ணு போட்டாவ. 1985-ல எடுத்துட்டாவ. உசுரோட இருக்கவன் சொத்துக்கு ஒரு வரி இருந்துது. 2015 பட்ஜெட்டுல அதுவும் போச்சு. 2019-ல கம்பெனிகளுக்கு வருமான வரிய 22 சதவீதமாக் குறைச்சாவ. இதுக்கெல்லாம் இலவசம்னு எந்த டிவியிலயாவது ராத்திரி விவாதம் வச்சானா? ஊக்கமாம், சீர்திருத்தமாம். மூட்டுவலிக் கிழவி டவுன் பஸ்ஸுல காசு குடுக்காம ஜங்ஷன் போயிட்டு வந்தா நாடு குட்டிச்சுவராயிருமாம். கூறு கெட்ட பயலே, அந்த பஸ்ஸு 2021-ல வந்த பொறவுதான் உன் பெரியாத்தா மகன்ட்ட கையேந்தாம ஆஸ்பத்திரிக்குப் போறா.

நூறு நாள் வேலையையும் அப்படித்தான் திட்டினாவ. 2005-ல சட்டம் வந்துது. ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கூலின்னு சொல்லிச்சு. நம்ம பக்கம் நடவுக்காரிக்கு ஒரு கூலி, வரப்பு வெட்டுதவனுக்கு ஒரு கூலின்னு காலங்காலமா இருந்துது. ஒடனே சம்சாரிமாரு ஒப்பாரி வச்சாவ, வயலுக்கு ஆளு வர மாட்டங்குன்னு. வராதுதான். கூலிய ஏத்திக் குடுத்தா வரும். அவ்வளவுதான கணக்கு? மரத்தடியில உக்காந்து கதை பேசுதாவன்னு ஒரு குத்தம் வேற. நீ ஆபீசுல ஏசிக்குக் கீழ உக்காந்து என்னத்தப் பேசுத?

பேராண்டி, இப்பம் சிரிப்ப நிறுத்து. ஒரு இடம் இருக்கு, அங்க எனக்குக் கிண்டல் வராது.

மேற்க நிமிந்து பாரு. அந்த மலையில மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமான காடு. மெட்ராசுல ஒரு கொலை வழக்குல ஜமீன் வீட்டுப் பிள்ளை மாட்டி, வக்கீல் செலவு கழுத்த நெரிச்சு, அந்தக் கடனுக்காகக் காட்டக் குத்தகைக்கு விட்டாவன்னு ஊருல சொல்லுவாவ. 1929-ல பாம்பே பர்மா கம்பெனிக்கு 8,373 ஏக்கர், 99 வருசத்துக்கு. 1952-ல ஜமீன் ஒழிஞ்சுது. குத்தகை ஒழியல. கீழ இருந்து கூலிக்கு ஆளக் கூட்டிக்கிட்டுப் போனாவ. அட்டைக் கடியும் குளிரும் மழையும். காட்ட வெட்டித் தேயிலை வச்சாவ. அவன் மகன் கிள்ளினான், பேரன் கிள்ளினான். லயன் வீடு கம்பெனிது. செடி கம்பெனிது. செத்தா பொதைக்க குழி மட்டும் அவன்து.

1999-ல கூலி கூடக் கேட்டாவ. கேட்டவியள ஜெயில்ல போட்டாவ. ஜெயில்ல கிடக்கவியள விடுங்கன்னு ஜூலை 23-ந் தேதி ஊர்வலமா கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வந்தாவ. ஆபீசு ஆத்தங்கரையில இருக்கு, உனக்குத் தெரியும். போலீசு அடிச்சுது. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஆறு. ஆத்துக்குள்ள ஓடினாவ. பதினேழு உசுரு. அதுல ஒண்ணு கைக்குழந்தை. விசாரணைக் கமிஷன் உக்காந்துது, அறிக்கை குடுத்துது, வருசா வருசம் ஆத்துல பூப் போடுதாவ.

2024-ல கம்பெனிக்காரவிய கடையக் கட்டுதோம்னாவ. குத்தகை முடிய 2028 வரைக்கும் இருந்துது. அதுக்கு முன்னயே விருப்ப ஓய்வுன்னு ஒரு தாள நீட்டிக் கையெழுத்து வாங்கினாவ. காடு இப்பம் புலிக் காப்பகம். புலி இருக்கணும், நான் வேண்டாங்கல. நாலு தலைமுறை அங்கயே பொறந்து வளந்தவன் கீழ இறங்கி எங்க போவான்? கோர்ட்டுக்குப் போனாவ. தேயிலைத் தோட்டத்த அரசாங்கம் எடுத்து நடத்தணும்னு கேட்டாவ. அது நடக்கல. வீடும் மறுவாழ்வும் குடுங்கன்னு கோர்ட்டு சொல்லிச்சு. அந்தக் குத்தகைக் காலத்துல ஒரே ஒரு தரம், வீட்டுக்கு அஞ்சு செண்டு பட்டான்னு எவனாவது எழுதி வச்சிருந்தா, 2024-ல அவன் விருப்பத்த நெசமாவே கேட்டிருப்பாவ. கையில பட்டா இல்லாதவனுக்கு விருப்பம் எங்க இருந்து வரும்?

அதான் சொல்லுதேன், சோறு போட்டா மட்டும் பத்தாது. மண்ணு யாரு பேருல இருக்குன்னு கேளு. தமிழ்நாட்டுல நில உச்சவரம்புன்னு சட்டம் 1961-ல வந்துது. குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். 1970-ல அத 15 ஆக்கினாவ. உடனே நம்ம பெரிய வீட்டுக்காரவிய என்ன பண்ணினாவ தெரியுமா? ஒண்ணா இருந்த குடும்பம் தாள்ல பல குடும்பமாச்சு. அறக்கட்டளை முளைச்சுது. வேலைக்காரன் பேருல நாலு ஏக்கர், அது அவனுக்கே தெரியாது! சட்டம் போட்டவன் மடையத் தொறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டான். காவலுக்கு ஆள் வைக்கல.

கூலிக் கணக்கையும் கொஞ்சம் பாரு. தூத்துக்குடி கோரல் மில்லுல 1908 பிப்ரவரி கடைசில ஸ்டிரைக்கு. வ.உ.சி. கூட நின்னாரு. கப்பல் ஓட்டினவருக்கு மில்லுல என்ன சோலின்னு கேக்கியா? அந்தக் கப்பல் கம்பெனிக்கே பங்கு ஒண்ணு 25 ரூவான்னு வச்சி 40,000 பங்கு போட்டவரு அவரு. ரெண்டு லட்சாதிபதி மட்டும் சேந்து நடத்த வேண்டாம், கடைக்காரனும் வக்கீலும் சேரட்டும்னு கணக்கு. மில்லுல ஒம்பது நாள்ல கம்பெனி இறங்கி வந்துட்டு. கூலி கூடிச்சு, ஞாயித்துக்கிழமை லீவு கிடைச்சுது. எப்படின்னு நினைக்க? கருத்தரங்கு நடத்தியா? ஊரே சேந்து நின்னுது. கம்பெனி பக்கம் பேசின ஒரு வக்கீலுக்குச் சவரம் பண்ணிக்கிட்டிருந்த நாவிதர், சங்கதி தெரிஞ்சதும் பாதியில கத்திய மடக்கி வச்சிட்டுப் போயிட்டாருன்னு சொல்லுவாவ. பாதித் தாடியோட கோர்ட்டுக்கு எப்படிப் போவான்? அந்த நாவிதருக்கு நீ வச்சிருக்க பட்டம் ஒண்ணும் கிடையாது. அஞ்சாறு நாள்ல வ.உ.சி.ய பிடிச்சு நம்ம பாளையங்கோட்டை ஜெயில்லதான் கொண்டாந்து வச்சாவ. திருநெல்வேலி பத்தி எரிஞ்சுது. அது தனிக் கதை.

மில்லுல ஆயிரம் பேரு ஒரு கூரைக்குக் கீழ நின்னாவ, சேந்துட்டாவ. பீடி சுத்துதவ எங்க சேர? மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம் எங்க போனாலும் வாசப்படியில சுளவ மடியில வச்சிக்கிட்டு ஒருத்தி குனிஞ்சு உக்காந்திருப்பா. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. இலையக் குறைச்சுக் குடுப்பான், பீடிய முழுசாக் கேப்பான். குறையுத இலைக்கு இவ கைக்காசு போடணும். கொண்டு போயிக் குடுத்தா நாலு கட்டக் கழிச்சிப் போடுவான். கழிச்ச பீடிய எரிச்சிருவானா? சும்மா இரு. 1966-ல சட்டம் வந்துது. பாஸ்புக்கு, லீவு, பேறுகாலச் சலுகை எல்லாம் தாள்ல இருந்துது. 1976-ல நலநிதி வந்துது, பீடிக்கு ஒரு சின்ன வரி போட்டு அதுல பிள்ளேளுக்குப் படிப்பு உதவி, ஆஸ்பத்திரி. 2017-ல ஜிஎஸ்டி வந்ததோட அந்த வரி போச்சு. எவன் கேட்டான்? நீ அன்னைக்கு எந்தக் கருத்தரங்குல இருந்த?

பாஸ்புக்கு இருக்கவளுக்கு பிஎஃப் வரும். இல்லாதவ பக்கத்து வீட்டுக்காரி கார்டுல சுத்துவா. அவ கண்ணுக்குத் தெரியாத கூலிக்காரி. நீ நெசமாவே எதாச்சும் பண்ணணும்னா, அந்தத் தெருவுல நாலு பேருக்குக் கார்டு வாங்கிக் குடு. மனு எழுது, ஆபீசுக்கு நட, திருப்பி அனுப்பினா திருப்பி நட. போஸ்டர்ல உன் பேரு வராது. பரவால்லியா?

கிராமசபையும் அப்படித்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு வருசத்துல வருது. வீட்டுமனைப் பட்டா யாருக்குப் போகுது, குளத்துக் குத்தகைப் பணம் எங்க போகுதுன்னு அங்க நின்னு கேக்கலாம். தீர்மான நோட்டுல எழுதச் சொல்லலாம். எழுதாம கையெழுத்துப் போட மாட்டேன்னு அடம் பிடிக்கலாம். அன்னைக்கு லீவு நாள்னு நீ குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிருத. கேக்க வேண்டியவன் அருவியில நின்னா கணக்கு ஆத்தோட போகாம என்ன செய்யும்?

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. உனக்குப் பிடிக்காது. மாஞ்சோலைக் குத்தகை எழுதின அதே 1929-ல செங்கல்பட்டுல சுயமரியாதை மாநாடு நடந்துது. பெண்ணுக்கும் சொத்துல சம பங்குன்னு தீர்மானம் போட்டாவ. அது தமிழ்நாட்டுல சட்டமாக 1989 ஆச்சு. அறுபது வருசம். நாடு முழுசுக்கும் 2005. சட்டம் வந்து இவ்வளவு நாளாச்சே, நம்ம தெருவுல எத்தன பொம்பள பேருல பட்டா இருக்குன்னு எண்ணிப் பாத்திருக்கியா? அண்ணன் தம்பி கூப்பிட்டு விடுவான். வண்டி வச்சிக் கூட்டிக்கிட்டு வருவான். பத்திர ஆபீசு வாசல்ல காப்பி வாங்கிக் குடுப்பான். விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கிட்டு ஒரு சேலையும் பலகாரமும் குடுத்து அனுப்புவான். அவளும் தாய்வீடு அத்துப் போயிரக் கூடாதேன்னு போட்டுட்டுப் போவா. பாரீசுக்காரன் நூத்துல ஒருத்தன்னு கணக்குச் சொல்லுதான். நம்ம வீட்டுக்குள்ள ரெண்டுல ஒருத்தி.

உங்கம்மா நேத்து கோயில்ல என்னப் பாத்தா. கண்ணு கலங்கிக் கிடந்துது. திங்கக்கிழமைக்குப் பத்திர ஆபீசுல டோக்கன் போட்டிருக்கியளாம்லா? தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, இனி என்னன்னு நீ கேட்டியாம். நகை அவ மாமியார் பீரோவுல கிடக்கும். கால்வாய்க்கு மேக்க இருக்க அந்த ரெண்டு ஏக்கர் உன் பீரோவுல கிடக்கும். நல்ல சமத்துவந்தான்.

ஏன் பேச மாட்டங்க? அட்டையக் கழட்டி ஏன் பைக்குள்ள வைக்க? சரி சரி, நான் ஒண்ணும் பஞ்சாயத்து வைக்கல. டோக்கன ரத்து பண்ணு. பாகப் பத்திரம் எழுதுத ஆளு எனக்குத் தெரியும், ஒழுங்கா எழுதுவான். ஞாயித்துக்கிழமை விக்கிரமசிங்கபுரத்துக்குப் போயி தங்கச்சியப் பாரு. வெறுங்கையோட போகாத. டவுன்ல இறங்கி கால் கிலோ அல்வா வாங்கிக்க. ஆனா அல்வாவ மட்டும் குடுத்துட்டு வந்துராத, கேட்டியா.